நெல்லித்தோப்புக்காரன் இன்னும் கமெண்ட் போடுகிறான்

கோபத்தில் அவசரமும் சாப்பாட்டில் நிதானமுமாக வாழ்ந்த என் அண்ணனுக்கு,

நீ போய்ச் சேர்ந்து ஏழு மாதமாகிறது. இங்கே எல்லோரும் நலம். உன் ஜெராக்ஸ் கடையை அண்ணிதான் பார்த்துக்கொள்கிறார்கள். நீ இருந்தபோது வந்ததைவிட இப்போது கூட்டம் அதிகம் என்று நெல்லித்தோப்பில் பேச்சு. வருத்தப்படாதே.

முக்கியமான செய்தி, என் வலைப்பூவில் மறுபடியும் எழுதலாம் என்றிருக்கிறேன். உடனே சிரிக்காதே. நீ போன பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. நாடகமோ கூத்தோ ஓவியக் காட்சியோ, எங்கே போனாலும் உன் ஸ்கூட்டரில்தானே போவேன்? தனியாக ஓர் அரங்கத்துக்குள் நுழைய எனக்குக் கால் வரவில்லை. போன வாரம்தான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, அடுத்து என்னென்ன எழுதப்போகிறேன் என்று வலைப்பூவில் ஒரு பட்டியல் போட்டேன்.

பட்டியல் போடுவதில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. வருஷத்துக்கு இரண்டு பட்டியல் வரும், கட்டுரைதான் வராது. இந்த முறை நான்கே விஷயங்கள். வீராம்பட்டினத்தில் திருவிழாவுக்கு முன்னால் படகுகளுக்கு வண்ணம் தீட்டும் ஓவியர். ஜூலை பதினான்கு, பிரெஞ்சு தேசிய தின ஊர்வலத்தில் கோட்டில் பதக்கம் குத்திக்கொண்டு நடக்கும், பிரெஞ்சுப் படையில் இருந்த நம் ஊர்ப் பெரியவர்கள். குறிப்பாக, அவர்களுடைய அந்தக் கோட்டுக்கு வீட்டில் யார் இஸ்திரி போடுகிறார்கள் என்பது. உழவர்கரையில் கல்யாண பேனர் செய்கிறவர்கள் மாப்பிள்ளையை எவ்வளவு தூரம் வெளுக்க வைக்கிறார்கள் என்பது. கடைசியாக, அடுத்த மாதம் நடக்கவிருக்கும் ஒரு பரதநாட்டிய நிகழ்ச்சி.

போட்டு ஒரு மணி நேரம் ஆகவில்லை, கமெண்ட் வந்தது. ‘லிஸ்ட்டு போதும். போய் பாத்துட்டு வந்து எழுது. டான்ஸையாவது இந்த வாட்டி நேர்ல பாரு. நெல்லித்தோப்புக்காரன்.’

பெயரை மூன்று முறை படித்தேன். நெல்லித்தோப்புக்காரன் நீயல்லவா?

ஆறு வருஷம் என் எழுத்தைக் கிழித்துத் தோரணம் கட்டிய பெயரை மறக்க முடியுமா? முதல் வருஷத்தில் ஒருமுறை எனக்குச் சளி. நடன நிகழ்ச்சிக்குப் போகாமலேயே, அழைப்பிதழை நினைவில் வைத்துக்கொண்டு, ‘அபிநயம் அரங்கையே கட்டிப்போட்டது’ என்று எழுதிவிட்டேன். மறுநாள் கமெண்டில் அவன் வந்தான். ‘அன்னைக்கு ஆடவே இல்ல. கரண்ட் போயி ஹாலைப் பூட்டிட்டாங்க. நான் வாசல்ல நின்னு சுண்டல் தின்னுட்டு வந்தேன்.’ ஊரே சிரித்தது. ஊர் என்றால், என் பதினோரு வாசகர்கள்.

நேராக உன் கடைக்கு வந்து கத்தினேன். நெல்லித்தோப்பில் இருந்துகொண்டு என் மானத்தை வாங்க வேறு யார் இருக்கிறார்கள்? நீ மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், “ஆமா, நான்தான் எழுதினேன். இப்ப என்னான்ற?” என்றாய். ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை.

அதனால் இந்தக் கமெண்டைப் பார்த்ததும், யாரோ உன் போனை எடுத்து விளையாடுகிறார்கள் என்று ஆட்டோ பிடித்து ஓடினேன். கடையில் அண்ணி யாருடைய ஆதார் அட்டையையோ பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணி, அண்ணன் போன் யாருகிட்ட இருக்கு?”

“பீரோல கிடக்குது. ஏன்?”

“நெல்லித்தோப்புக்காரன்னு யாரோ கமெண்ட் போட்டிருக்காங்க.”

“நான்தாம்மா அது. இதுக்கா ஆட்டோ பிடிச்சி வந்த?”

கடையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். “அன்னைக்கு அண்ணன் தான்தான்னு ஒத்துகிச்சே?”

“நான்னு தெரிஞ்சா நீ மனசுலயே வச்சிகினு இருப்ப, நாத்தனா சண்ட ஜென்மத்துக்கும் தீராது. ‘நான்தான்னு சொன்னா ஒரு மாசத்துல சரியாயிடுவா’ன்னாரு உங்க அண்ணன். அதே மாதிரி வந்துட்ட இல்ல?”

அண்ணா, அந்த ஒரு மாதத்தை இப்போது எங்கே போய்க் கேட்பேன்? நாம் பேசியிருக்க வேண்டிய முப்பது நாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீ?

அழுகையை அடக்கிக்கொண்டு, “நீங்க எதுக்கு அன்னைக்கு அந்த ஹாலுக்குப் போனீங்க?” என்று கேட்டேன்.

“ஆட்டம் பாக்கத்தான். இன்விடேஷன எங்க வீட்டுலதான விட்டுட்டுப் போன? நீங்க ரெண்டு பேரும் போவலன்னதும் நான் எடுத்துகினு போனேன். எனக்கும் பாக்கணும்னு இருக்காதா?”

நீயும் நானும் கிளம்பும்போதெல்லாம், “சாப்பாட்டுக்கு வந்துடுவீங்களா?” என்று அண்ணி கேட்பார்கள். நாம் வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போவோம். “நீயும் வர்றியா?” என்று ஒருநாளாவது நீ அண்ணியைக் கேட்டிருக்கிறாயா? நானும் கேட்டதில்லை. இந்த லட்சணத்தில் நான் கலை, பண்பாடு என்று எழுதுகிறவள்.

ஞாயிற்றுக்கிழமை வீராம்பட்டினம் போகிறோம். இது அண்ணியின் உத்தரவு. உன் ஸ்கூட்டரை ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அந்தப் பயிற்சியில் இடதுபக்கக் கண்ணாடி காலமானது. “படகுக்காரரை நான் கேக்குறேன், நீ எழுதிக்கினா போதும். நீ கேட்டா அந்தாளு ஓடிப்புடுவாரு” என்று வேலையும் பிரித்தாகிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. உண்மைதான் என்பதால் இன்னும் கொஞ்சம் வந்தது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பார்க்காத எதையும் எழுத மாட்டேன். அண்ணியை விட்டுவிட்டு எதையும் பார்க்க மாட்டேன். எங்களுக்குள் சண்டை வரக் கூடாது என்று நடுவில் நின்று எல்லா அடியையும் நீ வாங்கிக்கொண்டாய். போதும் அண்ணா. இனி நாங்களே நேருக்கு நேர் சண்டை போட்டுக்கொள்கிறோம்.

ஆறு வருஷம் தப்பான ஆளைத் திட்டிய
உன் தங்கச்சி