'வெள்ளைத்தாள்' என்ற ஆட்டக்காரர் என் கணவரே என்பது பற்றி

அனுப்புநர்:
ரத்தப் பரிசோதனைக் கூட ஊழியர்
(காணாமல் போன லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி),
மருந்துக்கடை மாடி, பின்பக்க வீடு.

பெறுநர்:
ஆய்வாளர் அவர்கள்,
இணையக் குற்றத் தடுப்புப் பிரிவு.

பொருள்: ஆன்லைன் போக்கர் நிறுவனம் இன்று மாலை ஆறு மணிக்கு இரு கணக்குகளை முடக்குவதைத் தள்ளிவைத்து, என் கணவரின் இருப்பிடத்தைக் கண்டறிந்து தரக் கோருதல் – இரண்டாம் மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் வீட்டைவிட்டுப் போய் இன்றோடு இருபத்து மூன்று நாள். மகளின் கல்லூரிக்கு எடுத்து வைத்ததை அவர் சீட்டில் விட்டது தெரிந்த அன்று, "இனிமே என் முகத்துலயே முழிக்காதீங்க" என்று நான்தான் சொன்னேன். மறுநாள் காலை, வேலைக்குப் போவதுபோல் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்று முதல் அவருடைய செல்போன் அணைந்தே கிடக்கிறது.

2. நானும் அதே மடிக்கணினியில் என் கணக்கில் விளையாடியவள்தான், மறைக்க விரும்பவில்லை. இந்த ஆட்டத்தில் எதிராளியின் முகம் தெரியாது, எண்கள்தாம் தெரியும். நூறு ஆட்டத்தில் எத்தனையில் பணம் வைத்து உள்ளே வருகிறார், எத்தனையில் தொகையை உயர்த்துகிறார், எப்போது சீட்டைக் கீழே வைத்து விலகுகிறார் என்று ஒரு மென்பொருள் கணக்கிட்டுக் காட்டும். அதை வைத்து நாங்கள் ஆட்களுக்குப் பெயர் சூட்டுவோம். நூற்றில் பன்னிரண்டுக்கு மட்டும் வருபவர் கஞ்சன். வந்ததிலெல்லாம் உயர்த்துபவர் சண்டியர். பாதிக்கு மேல் உள்ளே வந்து, உயர்த்தவும் மனமில்லாமல் விடவும் மனமில்லாமல் கடைசிவரை உட்கார்ந்திருப்பவர் ஒட்டுப்பசை. என் கணவர் அசல் ஒட்டுப்பசை. எத்தனை சொல்லியும் திருந்தவில்லை.

3. அவர் போன ஆறாம் நாள், என் நாத்தனாரின் கணினியில் நாங்கள் ஆடும் தளத்தைத் திறந்தபோது 'வெள்ளைத்தாள்' என்ற புதுப் பெயரைக் கண்டேன். நூற்றுக்கு ஐம்பத்தெட்டில் வருகிறார், மூன்றில்தான் உயர்த்துகிறார். அப்படிப் பலர் உண்டு. ஆனால், நடுவில் விரிக்கும் மூன்று சீட்டும், எல்லாம் இஸ்பேடு என்பதுபோல், ஒரே இனமாக வந்தால் மட்டும் பயந்து உடனே கீழே வைத்துவிடுகிறார். நாற்பத்தொரு முறை பார்த்தேன், ஒருமுறைகூடத் தப்பவில்லை. என் கணவருக்குச் சீட்டில் இருந்த ஒரே பயம் அது. தளத்தின் செய்திப் பெட்டியில் "வீட்டுக்கு வாங்க" என்று எழுதினேன். அந்த நொடியே எழுந்து போய், இரண்டு நாள் வரவில்லை. வந்ததும் என் செய்தி வராதபடி தடுத்துவிட்டார்.

4. முதல் மனுவைக் கொண்டுவந்தபோது, "சீட்டாடுற லட்சணத்தை வெச்சு ஆளைக் கண்டுபிடிக்கணுமா? ஜோசியர்கிட்ட போங்கம்மா" என்று தங்கள் அலுவலக எழுத்தர் திருப்பி அனுப்பிவிட்டார். ரத்தத்தின் எண்களைப் பார்த்தே யாருக்கு ஆபத்து என்று சொல்வது என் பிழைப்பு, ஐயா. எனக்கு இது ஜோசியம் இல்லை.

5. கடந்த ஆறு நாளாக அந்த எண்கள் மாறிவிட்டன. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கில் வருகிறார். இருப்பதையெல்லாம் ஒரே தடவையில் நடுவில் தள்ளுகிறார். பழைய பயமும் போய்விட்டது. எங்கள் வகைப்பாட்டில் இவருக்குக் கடையைக் கட்டுகிறவர் என்று பெயர்: மிச்சத்தைத் தீர்த்துவிட்டு எழுந்து போக முடிவுசெய்தவர். அவர் ஆட்டத்தைவிட்டு மட்டும் போக நினைக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

6. எனவே தளத்தில் என் பெயரை மாற்றிக்கொண்டு அவர் ஆடும் மேசையிலேயே உட்கார்ந்து, அவரிடம் வேண்டுமென்றே தோற்கிறேன். கையில் பணம் தீராதவரை அவர் எழுந்திருக்க மாட்டார் என்பது ஒன்றுதான் என் நம்பிக்கை.

7. இது முறைகேடு என்று நிறுவனம் இன்று காலை எச்சரிக்கை அனுப்பியுள்ளது. இரு கணக்குகளும் ஒரே மடிக்கணினியில் இயங்கியவை என்றும், இரண்டும் மாலை ஆறுக்கு முடக்கப்படும் என்றும் அதில் உள்ளது. நான் முன்பு ஆடியதும், என் கணவர் கொண்டுபோனதும் அந்த மடிக்கணினிதான்; வெள்ளைத்தாள் அவரே என்பதற்கு இதுவே ஆதாரம். முறைகேட்டுக்கு என் மேல் எந்த நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். நிறுவனத்துக்கு ஒரு போன் செய்து, முடக்கத்தை நிறுத்தி, அவர் எங்கிருந்து ஆடுகிறார் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

இப்போது மணி இரண்டே கால். நான் இங்கே வரிசையில் நிற்கும் நேரத்தில் என் இடத்தில் என் நாத்தனார் உட்கார்ந்திருக்கிறார். சீட்டில் ராஜா எது, ராணி எது என்றுகூட அவருக்குத் தெரியாது. அண்ணன் பணத்தைத் தள்ளினால் சீட்டைக் கீழே வை என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஆறு மணிக்குள் தங்கள் உதவியை எதிர்பார்த்து நிற்கும்,
(கையொப்பம்)

இணைப்பு: நிறுவனத்தின் எச்சரிக்கைக் கடிதம், ஆட்டக் குறிப்பு நோட்டு.
நாள்: காணாமல் போன இருபத்து மூன்றாம் நாள்
இடம்: தங்கள் அலுவலக வாசல்