தொள்ளாயிரத்தோடு முடிந்த புத்தகம்

ஒரு கேஸ் கட்டைக்கூட நேராக அடுக்கி வைக்கத் தெரியாத என் அருமை மரகதம் அக்காவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. நாயுடுபுரத்து வக்கீல் ஆபீஸ் இன்னும் நடக்கிறது. உங்கள் நாற்காலியில் உங்கள் ஜூனியர் பிரவீன் உட்கார்ந்திருக்கிறான். குமாஸ்தா மட்டும் அதே பழைய ஜமீலா, நான்தான். வேறு யார் வருவார்கள்?

கோர்ட்டுச் சேதி கேளுங்கள். சட்டங்களுக்கு வாயில் நுழையாத பேர் வைத்து, நம்பரையும் மாற்றிவிட்டார்கள். நானூற்றி இருபது இப்போது முந்நூற்றிப் பதினெட்டு. ஏமாற்றுகிறவர்கள் மட்டும் அப்படியே இருக்கிறார்கள். மனுவையெல்லாம் கம்ப்யூட்டரில்தான் ஏற்ற வேண்டும். சில விசாரணை வீடியோவில் நடக்கிறது. மேகம் இறங்கினால் சிக்னல் போய், வக்கீல் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுகிறார். சிலருடைய வாதத்துக்கு அதுவே மேல்.

இதெல்லாம் இருக்கட்டும். போன வாரம் பிரவீனோடு சண்டை போட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பள்ளங்கிக் கிராமத்து ராக்கம்மாளை நீங்கள் பார்த்ததில்லை. பூண்டுத் தோட்டக்காரி. தோட்டத்துக்குப் போகிற ஒரே பாதையை, பக்கத்தில் ரிசார்ட் கட்டுகிறவர் கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டார். உள்ளே பூண்டு முற்றிவிட்டது. வேலியைத் திறக்கச் சொல்லி உத்தரவு வாங்காவிட்டால் மழையில் மண்ணோடு அழுகிவிடும்.

"ஏத்தா, வெரசா முடிச்சுக் குடு. எனக்கு வேற சோலி தெரியாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் பூண்டு வாசத்துக்கே ஜட்ஜு உத்தரவு போட்டுருவாரு, போ" என்று சொல்லி அனுப்பினேன்.

பிரவீன் வாதத்தை ஒரு மணி நேரத்தில் எழுதிவிட்டான். நீங்கள் மூன்று நாள் எடுப்பீர்கள். போனில் இருக்கிற ஏ.ஐ.யிடம் கேட்டானாம். அது மூன்று பழைய தீர்ப்புகளையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டதாம். "ஸ்கேன் பண்ணி ஏத்திருங்கக்கா" என்று நீட்டினான்.

நம் ஆபீஸ் பழக்கம் உங்களுக்குத் தெரியும். எந்தத் தீர்ப்பைச் சொன்னாலும், அது அச்சான புத்தகம், பக்கத்தில் சீட்டு வைத்து மேசைக்கு வந்தால்தான் நீங்கள் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறப்பீர்கள். ஐந்தாவதோடு நின்ற எனக்கு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று விளங்காது. வருஷம், தொகுதி, பக்கம், மூன்று எண் போதும், எடுத்துவிடுவேன். கை தானாக அலமாரியைத் திறந்தது. இரண்டு புத்தகத்தில் சீட்டு வைத்தாயிற்று. மூன்றாவது தீர்ப்பு ஆயிரத்து நூற்றி நாற்பதாம் பக்கம் என்று போட்டிருந்தது. அந்தப் புத்தகமோ தொள்ளாயிரத்துச் சொச்சத்திலேயே முடிந்துவிட்டது.

"தம்பி, மிச்சப் பக்கம் எங்க கெடக்கு?"

"இப்ப யாருக்கா புத்தகம் பாக்குறா? எல்லாம் ஆன்லைன்ல இருக்கும். நாளைக்குத்தான் கடைசி நாள். ஏத்துங்க."

"ஏத்த மாட்டேன்."

"அக்கா, நான் வக்கீல். நீங்க அஞ்சாப்பு."

"அஞ்சாப்புலயே ஆயிரம் வரைக்கும் எண்ணக் கத்துக்குடுத்துட்டாங்க தம்பி. இல்லாத பக்கத்த நான் ஸ்கேன் பண்ண மாட்டேன். வேற குமாஸ்தா பாத்துக்கங்க."

லேப்டாப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கோபத்தில் அவன் போனிலேயே அந்தத் தீர்ப்பைத் தேடினான். தேடினான், தேடிக்கொண்டே இருந்தான். காது சிவந்துவிட்டது.

"அப்படி ஒரு கேஸே இல்லக்கா. கட்சிக்காரங்க பேரு, ஜட்ஜு பேரு, எல்லாம் அதுவாப் போட்டுருக்கு."

"கெட்டிக்காரப் போனுதான். அதுக்கே ஒரு கறுப்புக் கோட்டு தச்சுக் குடுங்க."

சிரிக்கவில்லை. நானும் அதற்குமேல் சீண்டவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் இதைக் கண்டுபிடித்திருந்தால் ராக்கம்மாள் கதி என்ன ஆகியிருக்கும்? அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லையே. பிரவீன் உட்கார்ந்து முழுவதையும் தன் கையால் மறுபடி எழுதினான். மறுநாள் மத்தியானம் ஏற்றினோம்.

விஷயம் கோர்ட் கேன்டீனுக்குப் போய்விட்டது. "இனிமே ஜமீலாவைக் கேட்டுத்தான் சட்டம் போடணுமாம்" என்று ஒரு வக்கீல் சிரித்தார். "போடுங்க சார், பக்க நம்பரோட போடுங்க" என்றேன். நம் அலமாரிப் புத்தகங்களைப் பழைய பேப்பருக்குப் போடச் சொல்லி முன்பு யோசனை சொன்னவரும் அவர்தான். அவர் ஆபீஸில் அலமாரியே இல்லை. அங்கே போகிற வேறொரு ராக்கம்மாளுக்கு யார் சீட்டு வைப்பார்கள், அக்கா?

நீங்கள் இருந்திருந்தால் அந்தப் போனிடம் கேட்டிருப்பீர்களா? கேட்டிருப்பீர்கள். புதுச் சாமான் எதையும் விட்டுவைக்கிற ஆளா நீங்கள்? ஆனாலும் கையெழுத்துக்கு முன்னால், "ஜமீலா, புக்கு எங்க?" என்று கத்தியிருப்பீர்கள்.

நாளை மறுநாள் விசாரணை. ரிசார்ட்டுக்காரருக்காக மதுரையிலிருந்து வருகிற பெரிய வக்கீல் பதினோரு தீர்ப்பு கொடுத்திருக்கிறார். நாளைக்கு வெள்ளனே ஆபீஸைத் திறந்து பதினொன்றையும் தேடுவேன். அலமாரியில் இல்லாததை பிரவீன் ஆன்லைனில் தேடுவான். இரண்டிலும் இல்லாததை, இல்லை என்று கோர்ட்டில் எழுந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன். பெரிய வக்கீலைப் பார்த்து அவன் தயங்கினால், பின்னாலிருந்து கோட்டைப் பிடித்து இழுக்க நான் இருப்பேன். ராக்கம்மாள் தன் பாதையில் நடந்துபோய்ப் பூண்டைப் பிடுங்குகிற வரைக்கும் ஓய மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

நீங்கள் திட்டியும் போகாமல் ஒட்டிக்கொண்ட, கூடப் பிறக்காத தங்கச்சி,
ஜமீலா