தமாண்டாவின் ஒற்றைச் சாக்ஸ்

தமாண்டாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா? லுவாங்வா ஆறு வற்றிவிட்டது. தினமும் முகாம் விருந்தினரைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போகிறேன்.

நம் வாடை விலங்குகள் பக்கம் போகிறதா என்று காற்று பார்க்க, மகளின் பழைய சாக்ஸில் நம் அடுப்புச் சாம்பலைக் கட்டிக் கொடுத்தாயே, நேற்று அதை உதறினேன். சாம்பல் நேராக ஒரு யானையின் பக்கம் பறந்தது. அது நாலடி முன்னே வந்து, நின்று முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனது. அவ்வளவுதான். பின்வாங்கும்போது சாக்ஸ்தான் எங்கோ விழுந்துவிட்டது.

முன்னால் துப்பாக்கியோடு நடக்கும் நிரெண்டா இன்னும் கேலியை விடவில்லை. "யானைக்கே மக சாக்ஸக் காட்டி மிரட்டுற ஆளு நீதாம்ப்பா" என்கிறார்.

கூப்பிடுகிறார்கள், நடைக்கு நேரமாகிவிட்டது. அந்தச் சாக்ஸின் ஜோடியை அனுப்பு. சாம்பலையும் நீயே போட்டுக் கட்டு. இங்கே சாம்பல் நிறைய இருக்கிறது. ஆனால் அதை உதறினால் காற்று மட்டும்தான் தெரிகிறது, நம் வீடு தெரிவதில்லை.

உன்
லாக்சன்