மாப்பிள்ளையை ஊதச் சொல்லவில்லை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது.

சிறையிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் வந்தது. மெத்தை மெலிசாம், முதுகு வலிக்கிறதாம். அடடா, துடித்துப் போய்விட்டேன். இங்கே உங்கள் மனைவிக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அவள் அம்மாதான் தலை வாரிவிடுகிறாள். அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. தாளில் இடம் போதவில்லை போலும்.

உங்கள் வக்கீல் வந்திருந்தார். ரத்தான ஜாமீனை மறுபடி கேட்டு நீங்கள் போட்ட மனு வியாழக்கிழமை விசாரணைக்கு வருகிறதாம். நான் திரும்பவும் ஜாமீன் நிற்க வேண்டுமாம். அவள் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்ல வேண்டுமாம். குடும்ப மானம்னு ஒண்ணு இருக்குல்ல சார் என்றார். குடித்துவிட்டு மருந்துக்கடை ஷட்டரில் காரை ஏற்றினீர்களே, அந்த மானமா என்று கேட்டேன். காபியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வழக்கில் இவரைக் கட்டுப்படுத்த முடியுமா என்று நீதிபதி என்னைக் கேட்டார். முப்பது வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன் ஐயா, என் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன், கார் சாவி என் பையை விட்டுப் போகாது என்று மார்தட்டினேன். மடையன். அந்தப் பேச்சை நம்பித்தான் உங்களை ஜாமீனில் விட்டார்கள்.

என்னிடம் ஓட்டப் பழக வருகிறவர் டாக்டரே ஆனாலும், முதலில் என் முகத்துக்கு நேரே ஊதிவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொட வேண்டும். அந்த ஞாயிறு மதியம், வண்டிய நிழல்ல போட்டுட்டு வரேன் மாமா என்று கை நீட்டினீர்கள். மாப்பிள்ளையைப் போய் ஊதச் சொல்வதா என்று கூச்சப்பட்டேன். சாவியைக் கொடுத்துவிட்டேன். வண்டி நிழலுக்குப் போகவில்லை, தெருவுக்குத் திரும்பியது. கேட்டை மறித்து நின்றது என் மகள். நீங்கள் இறங்கி வந்து அவள் கையை முறுக்கினீர்கள். விலக்கிவிட ஓடி வந்தபோதுதான் எனக்கு வாடையே அடித்தது.

உங்களை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. என்னை நினைத்தாலும்தான்.

வியாழக்கிழமை வருகிறேன். ஜாமீன் நிற்க அல்ல, சாவியைக் கொடுத்தவன் நான்தான் என்று நீதிபதியிடம் சொல்ல.

அவளும் வருகிறாள். என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. நேற்று இடது கையால் உங்கள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வேண்டுகோள், மாப்பிள்ளை. கூண்டில் நின்று அவளைப் பார்த்து அழாதீர்கள். அது உங்களுக்கு நன்றாக வரும்.

நீண்ட ஆயுளோடு இருங்கள். அங்கேயே இருங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்குப் பெண் கொடுத்தவன்