கஃபன் துணிக்குச் சாயம்

பிஸ்மில்லாஹ்.

என் அருமை மகள் பௌசியாவுக்கு அம்மா சலாம் சொல்லி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் வைத்திருக்கிற இடத்தில் நானும் உன் அத்தாவும் நன்றாகவே இருக்கிறோம், நீயும் அங்கே கெய்ரோவில் அவன் காவலில் வேளைக்குத் தின்று வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அத்தாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, வாய்தான் இறங்கவில்லை, தே தாரிக் டீயை நிறுத்தச் சொன்ன டாக்டரிடம் அப்படீன்னா ஈப்போவுல எதுக்குலா இருக்கணும் என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். சாயங்காலமானால் மழை, பின்பக்கத் தகரம் ஒழுகுகிறது, ஆள் சொல்லியிருக்கிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்லி நடுவில் வெட்டுவாய், கடிதத்தை வெட்டமுடியாது. இந்தப் பையைக் கொண்டுவருகிறவன் அடுத்த லோரோங் சந்தில் நாசி லெமாக் சோறு விற்கிற காக் ரோஹானியின் மகன், அங்கே ஓதுகிறான், லீவு முடிந்து திரும்புகிறான், ஒரு வேளை சோறு போட்டு அனுப்பு. பையைத் திறக்கும் முன் இதை முழுக்கப் படித்துவிடு. உள்ளே இருக்கிற துணிகளைப் பற்றி நம் புந்தோங் முழுக்கப் பேச்சு, ஊர் வாய் வழியாக உன் காதுக்கு வருவதைவிட என் கை வழியாக வரட்டும்.

நீ போனில் சொன்னாயே, காஸாவில் இருந்து உன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த லயான் என்கிற ஆறு வயசுப் பிள்ளையைப் பற்றி, ஒரு கால் முட்டிக்குக் கீழே இல்லை, செயற்கைக் கால் கட்டி நீதான் நடக்கப் பழக்கவேண்டும், ஆனால் வெள்ளைத் துணியோடு யார் கிட்டே போனாலும் கத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஒளிகிறது என்று. வீட்டு ஆட்களை எல்லாம் வெள்ளையில் சுற்றி வரிசையாகப் படுக்கவைத்ததைக் கண்ணால் பார்த்த பிள்ளை, வேறு என்ன செய்யும். நீ கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நான் தைத்த பூப்போட்ட பாஜு கூரோங்கோடு வேலைக்குப் போகிறேன் என்றாய், நல்ல வேலை செய்தாய். அம்மா, இங்க உள்ள பிள்ளைங்களுக்குக் கலர் கலரா உடுப்புத் தைச்சு அனுப்புங்க, இடுப்புக்கு இலாஸ்டிக் வைங்க, செயற்கைக் கால் மாட்ட வசதியா சிலுவாருக்கு ஒரு பக்கம் மேல வரைக்கும் ஒட்டிப் பிரிக்கிற பட்டை வைங்க, பெருநாளைக்குப் போட்டுக்கட்டும் என்று கேட்டாய். சரி என்று போனை வைத்துவிட்டு அழுதேன். அதை எழுத எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் நம் மதரஸாவில் கூடிப் பேசி காஸாவுக்கு, மௌத்தானவர்களைச் சுற்றி அடக்க, கஃபன் துணி அனுப்புவது என்று முடிவு செய்தார்கள். மையத்துக்குக் கஃபன் கொடுப்பது எவ்வளவு பெரிய நன்மை என்று உனக்கே தெரியும், நம் ஜனங்கள் சோற்றுக்குத் தயங்கினாலும் கஃபனுக்குத் தயங்கமாட்டார்கள். கட்டுக் கட்டாக வெள்ளைக் காடாத்துணி நம் வீட்டுக்கு வந்து இறங்கியது. நான்தானே வெட்டவேண்டும். கோப்பெங்கில் இருந்து சுங்கை சிப்புட் வரை நம் பெண்கள் யார் மௌத்தானாலும் குளிப்பாட்டிக் கஃபன் இடுவது என் கை, இத்தனை வருஷத்தில் இந்தக் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. துணியை விரித்துக் கத்தரிக்கோலை எடுத்தேன். மாதர் பிரிவுத் தலைவி ரமீஜா ஹாஜியானி, கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறாளே, அவள் பக்கத்தில் நின்று, பாதியைச் சின்னதா வெட்டு, செய்தூன், அங்க பிள்ளைங்கதானே அதிகம் என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கண் கலங்கித்தான் சொன்னாள். என்ன அளவு என்று கேட்டேன். ஆறு வயசுப் பிள்ளை அளவுக்கு வெட்டு என்று கையை இடுப்பு உயரத்தில் காட்டினாள். பௌசியா, அந்தக் கைக்குக் கீழே உன் லயான் நின்றது எனக்கு. கத்தரிக்கோலை மூடி வைத்துவிட்டு, நான் வெட்டமாட்டேன் என்றேன்.

சத்தம் கிளம்பிவிட்டது. அங்கே மையத்துகளுக்குத் துணி இல்லாமல் கம்பளியிலும் பிளாஸ்டிக்கிலும் சுற்றுகிறார்கள், நீ நன்மைக்குக் குறுக்கே நிற்கிறாய் என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. மௌத்தானவர்களுக்குக் கஃபன் கடமை, அதை யார் மறுத்தது. ஆனால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அளவெடுத்து, இன்னும் சாகாததற்கு முன்கூட்டியே வெட்டி அடுக்கி வை என்றால் என்னால் ஆகாது. குண்டு போடுகிறவன் அந்தப் பிள்ளைகளை மையத்தாகத்தான் பார்க்கிறான், அவன் வைத்த அளவுக்கு நான் துணி வெட்டவா. முஃமின்கள் எல்லாரும் ஒரே உடம்பு, ஓர் உறுப்பு நொந்தால் உடம்பு முழுக்கக் காய்ச்சல் காணும் என்று சின்ன வயசில் இருந்து ஓதுகிறோமே, காலில் அடிபட்டால் அந்தக் காலுக்கு யாராவது கஃபன் எடுத்து வைப்போமா, மருந்து போடுவோமா என்று கேட்டேன். ஹாஜியானி உடனே, கஃபனுக்குன்னு கொடுத்த துணியை வேற எதுக்கும் தொடக்கூடாது, அது நம்பிக் கொடுத்த அமானிதம் என்றாள். அதுவும் சரிதான். கூட்டத்தைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, நிய்யத்துங்கற எண்ணம் கொடுத்தவங்களோடது, உங்க ரெண்டு பேரோடதும் இல்ல, கொடுத்தவங்க மனசார மாத்திக்கிட்டா தைக்கலாம், ஒருத்தர் மாத்தலேன்னாலும் அவங்க துணியைத் தொடாதீங்க என்றார். எனக்கு அது போதும்.

மறுநாளே அத்தா மோட்டாரில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். இந்த வயசில் வீடு வீடாகப் போய் நிய்யத்தை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்கிறவளை மலேசியாவிலேயே என்னைத்தான் பார்த்திருப்பார்கள். கோப்பெங்கில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை பழனிபாவா அண்ணன் கல்லாவில் இருந்து எழுந்து வந்து நின்றுகொண்டே முழுக்கக் கேட்டுவிட்டு, எனக்கும் பேத்தி இருக்குலா, மஞ்சக் கலரு அவளுக்கு உசிரு, மஞ்சளா தைம்மா என்றார். சுங்கை சிப்புட்டில் ஒரு வீட்டில், மௌத்தான மகன் பேரில் கொடுத்த துணி, மாற்றமுடியாது என்றார்கள். அந்தக் கட்டை அப்படியே கும்பிடாத குறையாகத் திருப்பிக் கொடுத்தேன், அவர்கள் துக்கம் அவர்களுக்கு. மற்றவர்கள் பெரும்பாலும் சரி என்றார்கள், நாலு பேர் திட்டிவிட்டுச் சரி என்றார்கள். ஹாஜியானி மட்டும் மாறவில்லை. அவள் கொடுத்ததுதான் பெரிய கட்டு, கடைப் பையனை அனுப்பி எடுத்துக்கொண்டாள். முன் வைத்த காலைப் பின் வைப்பதா என்று நானும் இருந்துவிட்டேன்.

அடுத்தது சாயம். மதரஸாவின் கஞ்சிச் சட்டியைக் கேட்டால் கமிட்டியில் அடிக்க வருவார்கள். பக்கத்து வீட்டு முத்தம்மா உனக்குத் தெரியுமே, சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்டை விற்றபோது புந்தோங்குக்கு வந்தவள், ரப்பர்ப் பால் எடுத்து ஊற்றுகிற பெரிய அலுமினியத் தோம்பு இரண்டை இன்னும் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறாள். கேட்கவே இல்லை, வேலிக்கு மேல் தூக்கிக் கொடுத்தாள். எங்களைத் தோட்டத்தவிட்டு எறக்குனப்ப ஒருத்தன் எட்டிப் பாக்கலக்கா, பாக்காத வலி எனக்குத் தெரியும், நீ கொதிக்க வை, வெறகு நான் பாத்துக்கிறேன் என்றாள். உப்புப் போட்டுச் சாயம் கரைத்து முக்கி எடுத்தோம். மஞ்சள், பச்சை, நீலம் எல்லாம் நன்றாக ஏறியது. கடைசியில் நான் அறிவில்லாமல் சிவப்பைக் கரைத்துவிட்டேன், பெருநாளைக்குச் சிவப்பு அழகாக இருக்குமே என்று. கொடியில் போட்டதும் வெள்ளைத் துணியில் இருந்து சிவப்பாகச் சொட்டிச் சிமெண்டில் ஓடியது. அத்தா அதைப் பார்த்தார்கள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அப்போதுதான் என் புத்திக்கு ஏறியது. முத்தம்மாவும் நானும் அவசர அவசரமாக அவிழ்த்து நீலத்தில் போட்டு அமுக்கினோம், கத்தரிப்பூ நிறமாக வந்தது. பையில் கத்தரிப்பூ உடுப்பு மட்டும் ஏன் இத்தனை என்று நீ கேட்பாய், இதனால்தான்.

லோரோங் முழுக்கக் கொடி கட்டிக் காயப்போட்டதை யாரோ போட்டோ பிடித்துக் கஃபனுக்குக் கலர் அடிக்கிறாள் என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா, விட்டுவிட்டேன். இனிமேல் மையத்து வேலைக்குத் தைப்பிங்கில் இருந்து வேறு ஆளைக் கூப்பிடப்போவதாகப் பேச்சு, கூப்பிடட்டும், குளிப்பாட்டுவதை அல்லாஹ்வுக்காகச் செய்தேன், கமிட்டிக்காக இல்லை. ஹாஜியானி இன்னும் என்னோடு பேசுவதில்லை, நானும் பேசவில்லை. ஆனால் இலாஸ்டிக் வாங்க அவள் கடைக்குத்தான் போனேன், ஈப்போவில் வேறு கடை இல்லையா என்றால் இருக்கிறது, அவள் பார்க்கவேண்டும் என்றுதான் போனேன். மேலே இருந்ததை நான் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் என் முகத்தைப் பார்க்காமல் பையனிடம், அது துவைச்சா விட்டுரும், உள்ள இருக்கிற நல்லதை எடுத்துக் குடு என்றாள். அவ்வளவுதான் நடந்தது, நீ இதை வைத்துப் பெரிதாக ஒன்றும் நினைக்காதே.

இன்னொரு விஷயம், உன் மாமி வாரா வாரம் வந்து மகளைக் கூப்பிட்டுக்கொள், சம்பந்தம் ஒன்று நல்லதாக வந்திருக்கிறது, அடுத்த ஊர்ச் சண்டைக்கு நம் வீட்டுப் பிள்ளை எதற்கு என்று ஓதிக்கொண்டிருக்கிறாள். அடுத்த ஊர் என்று இன்னொரு தடவை என் வீட்டில் சொல்லாதே என்று சொல்லிவிட்டேன், கோபித்துக்கொண்டு தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனாள். உன்னைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு இல்லையா, உன் தட்டை நான் இன்னும் உள்ளே எடுத்து வைக்கவில்லை. இருந்தாலும் கூப்பிடமாட்டேன். காத்திருக்கிற சம்பந்தம் காத்திருக்கட்டும், காத்திருக்காதது நமக்கு வேண்டாம். ராத்திரி டியூட்டியில் வெறும் காப்பியைக் குடித்துக் குடித்து வயிற்றைப் புண்ணாக்காதே, அழுகை வந்தால் பிள்ளைகள் முன்னால் அழாதே, குளியலறையில் போய் அழு.

ஹாஜியானி கட்டு போனதில் துணி போதாமல் தட்டிவிட்டது. எல்லாம் தைத்து முடித்துப் பார்த்தால் லயானுக்கு இல்லை. அதற்காகவே கடைசியாக வைத்திருந்தேன், கடைசியில் முழுத்துணி மிஞ்சவில்லை. கடையில் வாங்கலாம், பெரிய விஷயமில்லை. ஆனால் அலமாரியைத் திறந்தேன். ஹஜ்ஜுக்குப் போனபோது மக்காவில் வாங்கி ஜம்ஜம் தண்ணீரில் நனைத்து அத்தர் போட்டு மடித்துக் கொண்டுவந்தேனே, எனக்கென்று வைத்த கஃபன், உன்னிடம்கூட இடத்தைக் காட்டி வைத்திருந்தேன், அதை எடுத்து விரித்தேன். கொடுத்தவளும் நான், நிய்யத்தும் என்னுடையது, யாரையும் கேட்கவேண்டியதில்லை. மஞ்சளில் முக்கி, காய்ந்ததும் வெட்டினேன். கை நடுங்கவில்லை. கைக்குச் சுருக்கு வைத்து, பாவாடைக்கு நல்ல சுற்று வைத்து, சுற்றினால் குடை மாதிரி விரியும்படி கவுனாகத் தைத்திருக்கிறேன். இரண்டு காலில் நின்று சுற்றினால்தான் விரியும், அதை அந்தப் பிள்ளையிடம் சொல். அத்தா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்ப ஒனக்கு? என்று மட்டும் கேட்டார்கள். எனக்கு இப்ப அவசரமில்லை என்றேன். உள்ளே போனார்கள், பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது, தங்களுடைய கஃபனைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்துவிட்டு, ஆம்பளப் பிள்ளையும் எவனாவது இருப்பான்லா, நீலமா முக்கு என்றார்கள். அந்த நீலச் சட்டையும் சிலுவாரும் பையில் மேலாக இருக்கிறது.

அல்லாஹ் உன் கைக்குப் பரக்கத்தும் அந்தப் பிள்ளைகளுக்கு வலி தீர்ந்து ஷிஃபாவும் தருவானாக, உன்னை ஈமானோடும் சுகத்தோடும் வைப்பானாக, ஆமீன். மஞ்சள் கவுனை முதல் தடவை தனியாகத் துவை, சாயம் இறங்கும். இந்த வீட்டு அலமாரியில் இப்போது கஃபன் கிடையாது, அதனால் எனக்கும் அத்தாவுக்கும் மௌத்தாகிற உத்தேசம் இப்போதைக்கு இல்லை. நீ அவசரப்படாமல் அந்தப் பிள்ளையை நடக்க வைத்துவிட்டு வா.

இப்படிக்கு,
உன் வரவுக்கு ஆயுளோடு காத்திருக்கும் அம்மா,
செய்தூன் பீவி,
புந்தோங், ஈப்போ.