ஓடாத சரக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? அறுவடை முடியும்வரை டிராக்டரில் அடிக்கடி ஏறி இறங்காதீர்கள். நியூயார்க்கில் நான் நலம்.

போன வாரம் எங்கள் தொலைக்காட்சி அலுவலகத்தில் ஒரு வேடிக்கை. நவம்பர் மாதக் கல்லூரி ஃபுட்பால் ஆட்டங்களுக்கு ஒளிபரப்பு நேரம் ஒதுக்கினார்கள். இங்கே ஆட்டம் என்று சொல்வதில்லை, சரக்கு என்பார்கள். நம் வீட்டில் நான் மட்டும் படித்த, நம் ஊர் ஆல்டர்வில் கல்லூரியின் பெயர் வந்ததும் மேலாளர் பிரெஸ்டன் சிரித்தார்.

"இந்தச் சரக்கு ஓடாதுப்பா. அந்த ஊர்ல மனுஷங்களவிட மாடுங்கதான் ஜாஸ்தி. மாடு டிவி பாக்குமா?"

கூட்டங்களில் வாயே திறக்காத நான், "எங்க ஊர்ல மாடு இல்ல சார், கோதுமை" என்றேன். அறையே சிரித்தது. அன்றிலிருந்து, "ஏ கோதுமை, காபி குடிச்சியா?" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பக்கத்து ஊர்க் கல்லூரியை டிவி பணத்தைக் காட்டிக் கிழக்குக் கரைக் கல்லூரிகளின் லீக் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. நம்மை யாரும் கேட்கவில்லை. தாத்தா காலத்திலிருந்து அவர்களோடு நாம் ஆடிவந்த ஆட்டம் இந்த ஆண்டு இல்லை. அதனால் மைதான வாசலில் நாம் போடும் கடைக்கு சாசேஜ் இறைச்சி சொல்லிவைக்காதீர்கள் அப்பா. அந்த ஒருநாள் விற்பனையில்தான் நம் குளிர்காலம் ஓடும் என்று எனக்குத் தெரியும். என் சம்பளத்தில் கொஞ்சம் அனுப்புகிறேன், மறுக்காதீர்கள்.

ஆட்டத்துக்குப் போர்த்திக்கொள்ள அம்மா பின்னிய சிவப்புச் சால்வையை அனுப்பிவையுங்கள். இங்கே ஏசி குளிர் தாங்கவில்லை. அது எந்தக் கல்லூரியின் நிறம் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது.

கோதுமையைக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் மகள்,
மாரிட்