இடது கை அடித்த அலுமினியம்

மாப்ள,

இன்று காலை ஷெட்டில் பார் சோப்பு கருகும் வாசனை வந்தது. புது டிங்கர் அலுமினியத் தகட்டில் சோப்பைத் தேய்த்து, அடியில் நெருப்பைக் காட்டிக்கொண்டிருந்தான். சோப்பு கறுத்தால் தகடு பதமாக இளகிவிட்டது என்று அர்த்தம். நீயும் இப்படித்தான் செய்வாய். நான் பெயிண்ட் சுரண்டும் பட்டையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அழுகை என்று நினைத்துக்கொள்ளாதே, எரிச்சல். நீ போய் இரண்டு வருஷமாகியும் உன் வாசனை கூப்பிடாமலே உள்ளே வருகிறது.

உன் பெரியப்பா வண்டி திரும்பவும் நம் ஷெட்டுக்கு வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதல் தடவை அது வந்த நாள் நினைவிருக்கிறதா? அமெரிக்காவிலிருந்து கன்டெய்னரில் வந்து இறங்கியது. அந்தக் காலத்து ரேஸ் வண்டி, முன்பக்கம் நசுங்கிப் போயிருந்தது. தோஹாவின் பட்டறைப் பேட்டையான சனாயாவில் இத்தனை ஷெட் இருக்க, நம் முதலாளி அர்பாப் அதை வாங்கி நம்மிடம் ஏன் தள்ளினார் என்று நான் புலம்பினேன். நீயோ பானட்டைத் தூக்கி, விளக்கை உள்ளே விட்டு, அரை நாள் தலையை வெளியே எடுக்கவில்லை. கடைசியில் எழுந்து, "மாப்ள, இத அடிச்ச ஆளு நொட்டாங்கைக்காரன்டா" என்றாய்.

எப்படி என்று கேட்டேன். தகட்டின் உள்பக்கத்தில் சுத்தியல் தடமெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் காட்டினாய். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

அன்றிலிருந்து அந்த முகம் தெரியாத அமெரிக்கன் உனக்குப் பெரியப்பா ஆகிவிட்டான். நஜ்மா ஏரியாவில் இருந்த நம் ரூமில் வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் ஆக்கிய கறிக்குழம்பைத் தின்றுகொண்டே என்னிடம் அவன் புராணம் பாடுவாய். அவனைப் போன்றவர்களின் பழைய வீடியோக்களைப் போனில் தேடிப் பிடித்துக் காட்டுவாய். கம்பெனி கிடையாது, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. பெரிய காரின் எஞ்சினைப் பிடுங்கி, மெல்லிசான உடம்புக்குள் வைத்து ஓட்டியவர்கள். எடை குறையட்டும் என்று பிரேக் மிதியில்கூட ஓட்டை போட்டவர்கள். "கம்மா வத்துனா நாம கிரிக்கெட் ஆடுவோம். அவய்ங்க காஞ்ச ஏரிக்குள்ள வண்டி ஓட்டிப் பாத்திருக்காய்ங்க மாப்ள" என்று கண்ணை விரிப்பாய். உப்பு போதுமா என்று நான் கேட்டதற்குப் பதில் வராது. ஒரே ஊர்க்காரன், ஒரே ரூம்காரன் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எவனோ செத்துப்போன கலிபோர்னியாக்காரனோடு உனக்கு அப்படி என்ன சொந்தம்? எனக்கு வயிறு எரிந்தது.

நசுங்கிய பகுதியை வெட்டிவிட்டுப் புதுத் தகடு அடிக்க வேண்டியிருந்தது. அப்போது நீ செய்த கூத்து! பெரியப்பா இடது கையால் அடித்தானாம், நீயும் இடது கையால்தான் அடிப்பாயாம். மணல் மூட்டையின் மேல் பழைய தகடுகளை வைத்து அடித்துப் பழகினாய். தடம் சரியாகச் சாயவில்லை என்று தூக்கி எறிந்தாய். பெஷாவர்க்கார ஃபோர்மேன், "பாய், பாகல் ஹோ கயா கியா?" என்று, உனக்குப் பைத்தியமா என்கிற மாதிரி தலையில் அடித்துக்கொண்டார். உள்பக்கத்தை எவன்டா பார்க்கப் போகிறான் என்று நானும் கேட்டேன். "ஒட்டுப்போட்ட எடம் தெரிஞ்சா அது வேலையே இல்ல மாப்ள" என்றாய். உனக்குத் தன்னடக்கம் என்பது துளியும் கிடையாது.

வண்டிக்கு நான் சிவப்பு அடித்தேன். அந்தச் சிவப்பில் முகம் பார்த்துத் தலை வாரலாம். கண்காட்சிக்கு அந்தப் பெரியப்பாவின் மகளையே அர்பாப் வரவழைத்தார். நரைத்த தலை அம்மா. என் பெயிண்டைப் பார்த்து, "நைஸ் கலர்" என்றார். அவ்வளவுதான். பிறகு கையை மட்கார்டுக்குள் விட்டுத் தடவித் தடவிப் பார்த்தார். எது அப்பா அடித்தது, எது நீ அடித்தது என்று தெரியவில்லை என்று சொல்லி, அப்பா இடது கைக்காரர் என்றும் சொல்லி, உன்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நீ என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாயே. அந்தச் சிரிப்புக்காகவே உன்னோடு ரெண்டு நாள் பேசவில்லை.

லீவில் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாய். செய்தி வந்ததும் அர்பாப் அன்று முழுக்க ஷட்டரை இறக்கிவிட்டார். நான் செத்தால் மத்தியானம் வரைக்கும்தான் இறக்குவார் என்று அந்த அழுகையிலும் தோன்றியது. என்ன செய்ய, அப்படித்தான் தோன்றியது.

இப்போது கேள். அர்பாப்புக்கு ஒரு வெள்ளைக்கார நிபுணர் யோசனை சொல்லியிருக்கிறார். பெயிண்டே வேண்டாமாம். வெறும் அலுமினியமாக, கைவேலை தெரிய, மியூசியம் மாதிரி நிறுத்தப் போகிறார்களாம். ஆக, என் சிவப்பை நானே சுரண்டுகிறேன், உன் தகடு பளபளவென்று வெளியே வருவதற்காக. இதைவிட ஒருத்தனைத் தோற்கடிக்க முடியுமா?

இன்று சுரண்டி முடித்தபின் நிபுணர் விளக்கோடு வந்து வண்டிக்குள் தலையைவிட்டார். பழையது எதுவரை, புதியது எதிலிருந்து என்று அவருக்குப் பிடிபடவில்லை. அந்த இடத்தைக் காட்டினால் உன் பெயர் பொறித்த சின்னத் தகடு ஒன்றை அங்கே பதிப்பார்களாம். ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டார். "தும் உஸ்கா தோஸ்த் தா. தும்கோ மாலூம் ஹை. போலோ." நான் உன் சிநேகிதனாம், எனக்குத் தெரியுமாம், சொல்ல வேண்டுமாம்.

எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கே தெரியாதது எனக்குத் தெரியும். உன் இடது கை சீக்கிரம் சோர்ந்துவிடும். ஒவ்வொரு வரிசையிலும் கடைசி ரெண்டு மூன்று அடி லேசாகத்தான் விழும். ராத்திரி ரூமில் அந்தத் தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டவன் நான். உன் பெரியப்பாவுக்கு அந்தச் சோர்வு கிடையாது. விரலை வைத்தால் ஒரு நொடியில் சொல்லிவிடுவேன்.

"மாலூம் நஹி பாய்" என்றேன். தெரியாதென்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நிபுணர் விளக்கை அணைத்துக்கொண்டு போய்விட்டார். இனி அந்த வண்டியில் உன் பெயர் வராது. ஒட்டு தெரியக்கூடாது என்று நீ சொன்னதற்காகச் சொல்லாமல் விட்டேனா, என் பெயர் இல்லாத வண்டியில் உன் பெயர் எதற்கு என்று விட்டேனா? எனக்கே தெரியவில்லை. ரெண்டும் இருக்கும்.

எல்லோரும் டீக்குப் போனபிறகு மட்கார்டுக்குள் கையை விட்டேன். வரிசை முடிகிற இடம், அடி லேசாகிற இடம், விரலுக்குக் கிடைத்தது. கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தேன். பெரியப்பா, அர்பாப், அந்த அம்மா என்று உன்னை எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டாய். இந்த இடத்தை மட்டும் நான் யாருக்கும் காட்ட மாட்டேன், மாப்ள.